இரைச்சலைத் தணிக்கும் இயர்பட்

மருதமுனையில் தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை எனத் தெற்கே அக்கரைப்பற்று வரை நீளும் கரையோரத்தை அறிந்தவர்கள், அங்கே ஓசையற்ற வேளை அரிது என்பதையும் அறிவார்கள். ஒரு புறம் கடல்; மறு புறம் வயல்; இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வீடும் கடையும் பள்ளிவாசலும் பாடசாலையும் தறிக்கூடமும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அவற்றின் ஊடே பெருந்தெரு செல்கின்றது. பேருந்தின் உறுமல், முச்சக்கர வண்டியின் படபடப்பு, மின்சாரம் தடைப்பட்டதும் கடை வாசலில் எழும் மின்பிறப்பாக்கியின் முழக்கம், நெசவுத் தறியின் தட்டொலி, இவை யாவற்றுக்கும் பின்னால் ஓயாத அலையொலி. இத்தகைய இடத்திலே, பரீட்சைக்குப் படிக்கும் மாணவி அமைதியை நாடுவதும், கட்டாரில் தொழில் செய்யும் வாப்பாவுடன் உரையாடும் மகன் அவருடைய சொல் ஒவ்வொன்றையும் தெளிவாகக் கேட்க விழைவதும் இயல்பேயாகும்.

அவ்விருப்பத்தை நிறைவேற்றுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு சிறு பொருள் கல்முனைக் கடைகளுக்கு வந்திருக்கின்றது. கம்பியில்லாமல் கைத்தொலைபேசியோடு இணைவது, காதுக்குள் அடங்குவது, சுற்றுப்புற இரைச்சலையும் தணிப்பது. இயர்பட் என்றே கடையிலும் வீட்டிலும் அது வழங்குகின்றது. முன்னர் செல்வர்க்கே உரியதாக இருந்த இரைச்சல் தணிப்பு, இப்பொழுது நடுத்தரக் குடும்பத்தின் பணப்பைக்கு எட்டும் விலைக்கு இறங்கியுள்ளது. ஆப்பிள் நிறுவனம் 2019 ஆம் ஆண்டு இவ்வசதியுடன் வெளியிட்ட இயர்பட்டின் விலை 249 அமெரிக்க டொலர். இன்று 20 முதல் 50 டொலர் வரையுள்ள விலையில் அதே வசதியைக் கூறி விற்கப்படுபவை ஏராளம். ஏராளமாக இருப்பதே வாங்குவோரின் இடர்ப்பாடு. எதனை எடுப்பது, எதனை விடுப்பது?

வானொலி நேயர்களுக்கு, காதிலே மாட்டிக் கேட்கும் வழக்கம் புதியதன்று. கொழும்பில் 1925 டிசம்பர் 16 ஆம் நாள் வானொலிச் சேவை தொடங்கிய காலத்தில், படிகக்கல் பொருத்திய எளிய வாங்கிகளே பலருக்குக் கிட்டும் கருவியாக இருந்தன. அவற்றுக்கு ஒலிபெருக்கியை இயக்கும் வலு இல்லை. ஆதலின் கேட்போர் தலையிலே ஒரு வளையத்தை மாட்டி, அதன் இரு முனைகளையும் காதோடு அழுத்திக்கொண்டே கேட்டனர். பின்னர் வால்வுப் பெட்டி வந்தது; தேநீர்க் கடையில் ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்ந்து கேட்கும் காலம் வந்தது. அதன் பின் திரான்சிஸ்டர். கேள்வி என்பது மறுபடியும் ஒருவர்க்கேயுரிய தனிச்செயலாகி, காதுக்குள்ளேயே திரும்பிவிட்டது. இது நன்றா, தீதா என்பது வேறு ஆராய்ச்சி.

இரைச்சல் தணிப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஓரளவேனும் அறிந்தாலன்றி, விளம்பரத்திலே மெய் எது, மிகை எது எனப் பிரித்தறிதல் இயலாது. ஓசை என்பது காற்றிலே பரவும் ஓர் அலை. காற்று நெருக்குண்ட இடம் அதன் முகடு. தளர்ந்த இடம் அதன் பள்ளம். ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் பள்ளமும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் சந்தித்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இவ்வுண்மையைப் பயன்படுத்தி ஓசையை ஓசையாலேயே அடக்கலாம் என்று பவுல் லூவெக் என்னும் ஜெர்மானியர் 1933 ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1936 இல் அமெரிக்கக் காப்புரிமையும் அவருக்குக் கிடைத்தது. ஆனால், எண்ணத்தைக் கருவியாக்கும் திறன் அக்கால மின்னியலுக்கு இல்லை. 1978 ஆம் ஆண்டு சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்கு விமானத்திற் சென்ற அமர் போஸ், அங்கே தரப்பட்ட காதொலிப்பானை மாட்டியபோது இயந்திர ஒலியே இசையை விழுங்கியதைக் கண்டு, பயணம் முடியுமுன் இதற்குரிய கணக்கை எழுதத் தொடங்கினார் என்பர். அவர் வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராளி ஒருவரின் மைந்தர். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான இரைச்சல் தணிப்புக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது 1989 இல். விமானிக்கு ஆனது பயணிக்கும், பயணிக்கு ஆனது பாதசாரிக்கும் வந்து சேர்ந்தது.

இயர்பட்டின் வெளிப்புறத்திலே ஒரு நுண்ணிய ஒலிவாங்கி உள்ளது. அது புற ஓசையைச் செவிக்கு முன்னதாகக் கேட்கின்றது. உள்ளிருக்கும் சில்லு அதற்கு நேர்மாறான அலையைக் கணித்துத் தருகின்றது. அதனைச் சிறு ஒலிப்பான் காதுக்குள் விடுகின்றது. சற்று உயர்ந்த வகைகளில் காதின் உட்புறத்தை நோக்கியும் ஓர் ஒலிவாங்கி இருக்கும். அடங்காமல் எஞ்சியது எவ்வளவு என்று பார்த்து அது திருத்தும். இரண்டும் சேர்ந்ததையே ஹைபிரிட் என்று பெட்டியில் எழுதுகின்றனர். ஒரே விலையில் இரண்டு இருப்பின், இவ்வகையைத் தேர்வதே தகும்.

இங்கேதான் ஓர் எல்லை குறுக்கிடுகின்றது. ஓசை காற்றில் ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். வினாடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர். அவ்வளவு நீண்ட அலைக்கு மாற்றலையைப் பொருத்தும்போது சிறு பிசகு நேர்ந்தாலும் கேடில்லை. வினாடிக்கு 3,400 முறை அதிரும் கூரிய ஒலியின் அலைநீளமோ வெறும் 10 சென்ரிமீற்றர். அதிலே மிகச் சிறு தாமதமும் முகட்டின்மேல் முகட்டை ஏற்றிவிடும். ஓசை குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். ஆகவே இக்கருவி தாழ்ந்த ஒலியையும், மாறாமல் தொடரும் ஒலியையும் நன்கு அடக்கும்; கூரிய ஒலியிடத்தும் திடீரென எழும் ஒலியிடத்தும் தோற்கும். விலையுயர்ந்த கருவிக்கும் விதி இதுவே. மலிவான கருவிக்கு எல்லை இன்னும் குறுகியது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோர ஊர்களின் ஓசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். பேருந்து இயந்திரத்தின் உறுமல் தாழ்ந்தது, தொடர்ச்சியானது. அது பெரிதும் அடங்கும். மின்விசிறியின் ரீங்காரமும் நீர்ப்பம்பியின் முழக்கமும் அவ்வாறே. மின்பிறப்பாக்கியின் அடியொலியும் குறையும், அதன் கூரிய படபடப்பு எஞ்சும். கடலொலியின் நிலை இடைப்பட்டது. அது தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எல்லா அதிர்வுகளும் கலந்த ஒலி. மாரியில் வாடைக்காற்றோடு கடல் கொந்தளிக்கும்போது இயர்பட்டைப் போட்டுப் பார்த்தவர்க்கு இது விளங்கும். அடியிலுள்ள குமுறல் மறையும். மேலேயுள்ள சீறல் நிற்கும்.

மருதமுனைத் தறியோ முற்றிலும் வேறு. சாரமும் சேலையும் நெய்து புகழ்பெற்ற அவ்வூரின் தறியொலி, நாடா ஓடி நிற்பதும் பலகை வந்து அடிப்பதுமாகிய தட்டுகளின் தொடர். ஒவ்வொரு தட்டும் திடீரென எழுந்து திடீரென விழுவது. அதனை இரைச்சல் தணிப்பு அடக்கும் என்று நம்பிப் பணம் கொடுப்பவர் ஏமாறுவார். மனிதக் குரலும் அத்தகையதே. அடுத்த அறையில் உம்மாவும் சாச்சியும் பேசுவது கேட்கும். தொட்டிற் குழந்தை அழுவது கேட்கும். பேருந்தின் ஊதொலி கேட்கும். பாங்கொலியும் முற்றாக மறையாது, மெலிந்து கேட்கும். ஆனால் அதே வேளையில் பாட்டோ பாடமோ ஓடிக்கொண்டிருந்தால் அது கவனத்திற்கு எட்டாமற் போகலாம்.

எனவே வாங்கப் போகுமுன் ஒருவர் தம்மைத்தாமே கேட்க வேண்டிய வினா ஒன்றே: தமக்குத் தொல்லை தரும் ஓசை எது? அது இயந்திரமாயின் இரைச்சல் தணிப்புக்குக் கூடுதற் பணம் கொடுப்பது தகும். மனிதர் பேச்சாயின், அந்தப் பணத்தைச் சேமித்து, காதில் நன்கு பொருந்தும் சாதாரண இயர்பட் ஒன்றை வாங்குவதே அறிவுடைமை. கூட்டு வீட்டில் ஒரு மூலையில் இருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு, இந்த வேறுபாட்டை விளக்காமல் பொருளை விற்பது சற்றே கொடியது என்றுகூடச் சொல்லலாம்.

கடையில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் இப்படி அமைகின்றது. “தம்பி, இதப் போட்டா வெளிச் சத்தம் கேக்காதா?” என்று வாங்க வந்தவர் கேட்பார். “ஓம் காக்கா, நொய்ஸ் கேன்சல் இருக்கு, பெட்டியிலயே போட்டிருக்கு” என்று கடைக்காரர் காட்டுவார். பெட்டியில் அவ்வாறு எழுதியிருப்பதும் மெய்யே. ஆயின் எது எழுதப்பட்டிருக்கின்றது என்பதை உற்று நோக்க வேண்டும். ஏ.என்.சி. என மூன்று எழுத்து இருந்தால், கேட்பவர் காதுக்குள் வரும் இரைச்சலைத் தணிக்கும் வசதி என்று பொருள். ஈ.என்.சி. என இருந்தால், பொருள் முற்றிலும் வேறு. அது பேசுபவரின் ஒலிவாங்கியைச் சார்ந்தது. மறுமுனையில் இருப்பவர்க்குச் செல்லும் இரைச்சலையே அது வடிக்கின்றது. இதனைப் போட்டிருப்பவர்க்குப் பேருந்தின் உறுமல் சிறிதும் குறையாது. கட்டாரில் இருக்கும் வாப்பாவுக்கு மட்டும் குறைந்து கேட்கும். இரண்டும் பயனுள்ளவையே. ஆனால் ஒன்றை நினைத்து மற்றொன்றை வாங்கித் திரும்பியவர் தொகை பெரிது. மலிவான பெட்டிகளிலே முதலெழுத்து ஒன்றால் நேரும் இவ்வேறுபாடு, பெரிய எழுத்திலே அமைந்த ‘இரைச்சல் தணிப்பு’ என்ற தலைப்பின் கீழ் எளிதில் மறைந்துவிடுகின்றது.

அடுத்தது டெசிபல் கணக்கு. ‘45 டெசிபல் வரை’, ‘50 டெசிபல் வரை’ என்று பெட்டிகள் போட்டி போடுகின்றன. இதிலே உயிர்நிலையான சொல் ‘வரை’ என்பது. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில், ஆய்வுக்கூடத்தில் கிட்டிய உச்ச அளவு அது. மற்ற அதிர்வெண்களில் அதிற் பாதியும் கிட்டாமற் போகலாம். டெசிபல் என்பது சாதாரணக் கூட்டற் கணக்குமன்று. 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகும். 20 குறைந்தால் நூறில் ஒன்று. பேருந்தின் தாழ்ந்த உறுமலை மெய்யாகவே 20 டெசிபல் தணிக்கும் ஒரு மலிவுக் கருவி, 50 என்று எழுதிவிட்டுப் பத்தே தணிக்கும் கருவியினும் பன்மடங்கு சிறந்தது. எண்ணைப் பார்த்து வாங்குவது, மீனின் எடையைக் கூடையோடு நிறுத்து வாங்குவது போன்றதாகும்.

அப்படியாயின் நன்மையை எதைக்கொண்டு அளப்பது? கைத்தொலைபேசியின் ஒலியளவை எவ்வளவு தாழ்த்திக் கேட்க முடிகின்றது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். இங்கே இசையின்பம் மட்டுமன்று, செவியின் ஆயுளும் அடங்கியிருக்கின்றது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019 ஆம் ஆண்டு இணைந்து ஒரு நியமத்தை வெளியிட்டன. அதன்படி, வளர்ந்தவர் ஒருவர் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்க்கு அந்த அளவு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஆற்றல் இரட்டிக்கின்றது. ஆதலின் கேட்கத்தகும் நேரம் பாதியாகின்றது. 83 ஆயின் 20 மணி. 86 ஆயின் 10 மணி. 89 ஆயின் 5 மணி. 92 ஆயின் இரண்டரை மணி.

இக்கணக்கை அக்கரைப்பற்றிலிருந்தோ கல்முனையிலிருந்தோ கொழும்புக்குச் செல்லும் இரவுப் பேருந்திலே வைத்துப் பார்க்கலாம். பயணம் ஏறத்தாழ எட்டு மணி நேரம். இயந்திர ஒலி காதை நிரப்பும்போது, அதற்கு மேலாகப் பாட்டோ கிராஅத்தோ கேட்க வேண்டுமாயின் கை தானாகவே ஒலியளவை உயர்த்திவிடும். 89 டெசிபலுக்கு உயர்த்தியவர், ஒரு வாரத்துக்கு உரிய பங்கை மொனராகலையைக் கடந்து சில மணி நேரத்திற்குள்ளேயே செலவழித்துவிடுகின்றார். அன்றிரவு அவருக்கு ஒன்றும் தோன்றாது. காலையில் இறங்கும்போது சிறிது இரைச்சல் காதுக்குள் கேட்கும். பிறகு அது மறைந்தும் போகும். ஆனால் உட்செவியில் ஓசையை நரம்புக்கு உணர்த்தும் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மனிதரிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. முதலிலே குன்றுவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கின்றது. பேச்சு கேட்கும், சொல் விளங்காது. ‘சாரம்’ என்றாரா, ‘பாரம்’ என்றாரா, ‘தாரம்’ என்றாரா என்று தெரியாமல் மறுபடி கேட்க நேரும். உலகச் சுகாதார நிறுவனம், இளைஞர்களில் நூறு கோடிக்கு மேற்பட்டோர் தாம் கேட்கும் முறையினாலேயே செவிக்கேட்டின் விளிம்பில் நிற்கின்றனர் என மதிப்பிட்டுள்ளது.

இரைச்சல் தணிப்பின் உண்மையான பயன் இதுவே. புறவொலி தாழ்ந்தால் அகவொலியையும் தாழ்த்தலாம். ஆகையால் ஓர் இயர்பட் நல்லதா என்று அறிய, ஓடும் பேருந்தில் கைத்தொலைபேசியின் ஒலியளவைப் பாதியளவில் வைத்து, பேச்சு தெளிவாகக் கேட்கின்றதா எனப் பார்த்தாற் போதும். பத்தில் ஆறு பங்கைத் தாண்டாமற் கேட்க முடிந்தால் அது தன் விலையைத் தந்துவிட்டது. முழு அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தால், பெட்டியிலே எந்த எண் எழுதியிருந்தாலும் அது வீண். இரைச்சலைத் தணிக்கின்றது என்ற துணிவில் முழு அளவில் பாட்டு வைப்பவர், மருந்தை வாங்கி நஞ்சோடு கலந்து உண்பவராவார்.

அரிசி ஆலையிலும் மர ஆலையிலும் வேலை செய்வோர், காதைக் காக்க இதுவே போதும் என்று எண்ணலாகாது. சம்மாந்துறை போன்ற நெற்செய்கைப் பகுதிகளில் ஆலைத் தொழிலாளர் பலர் உள்ளனர். அவர்களுக்கு வேண்டியது, பாதுகாப்புக்கென்றே அளவிட்டுச் செய்யப்பட்ட காதடைப்பானும் காதுறையும். இயர்பட் அந்தத் தேவைக்காகச் செய்யப்பட்டதன்று.

இனிக் காதிலே பொருந்துதல். மின்னணு செய்யாத வேலையை இரப்பர் செய்யும் என்பது விந்தையாகத் தோன்றினும் உண்மை. கூரிய ஒலிகளை அடைப்பது சில்லு அன்று. காதுத் துளையை மூடும் மென்மையான சிலிக்கன் முனையே. அதிலே சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி உள்ளே புகும், பாட்டின் கனமும் வெளியே ஒழுகிவிடும். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று முனைகள் தருவர். பலர் முன்பே பொருத்தியிருப்பதை மாற்றிப் பாராமலே பயன்படுத்தி, கருவி சரியில்லை என்பர். ஒருவரின் இரு காதுகளும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும் என்பதுமில்லை; வலப்பக்கம் நடுத்தரமும் இடப்பக்கம் பெரிதும் பொருந்துவோர் உண்டு. வாயைத் திறந்து மூடியும் தலையை அசைத்தும் பார்க்கும்போது தளராமல் இருப்பதே சரியான அளவு. முனையே இல்லாமல் காதின் வாயிலில் வெறுமனே தொங்கும் வகையிலும் இரைச்சல் தணிப்பு உண்டென்று விற்கின்றனர். மலிவு விலையில் அவ்வகையை நாடாமலிருப்பதே நன்று.

இப்பகுதிப் பெண்களுக்குப் பெட்டியில் எழுதப்படாத ஒரு தொல்லை உண்டு. முக்காட்டுக்குள் இயர்பட்டை அணியும்போது, தொட்டால் இயங்கும் அதன் மேற்பரப்பிலே துணி உராய்ந்து, பாடம் நடுவில் நின்றுவிடும், அழைப்பு துண்டிக்கப்படும். வெளி ஒலிவாங்கியின் மீது துணி அசைந்தால் சரசரப்பும் எழும். பல்கலைக்கழக மாணவியரும் ஆசிரியைகளும் இதனால் எரிச்சலுற்று, கருவியையே மூலையில் போட்டுவிடுவது உண்டு. தொடுகையை முற்றாக நிறுத்திவைக்க வழிசெய்யும் செயலி உள்ளதா, அல்லது அழுத்தினால் மட்டுமே இயங்கும் பொத்தான் உள்ளதா என்று கேட்டு வாங்குவது இதற்குத் தீர்வு. காதுக்கு வெளியே தண்டுபோல் நீளாமல் உள்ளடங்கியிருக்கும் வடிவம் துணிக்கு அடியில் உறுத்தாமல் இருக்கும். ஆயினும் தண்டு உள்ள வகையில் பேச்சு ஒலிவாங்கி வாய்க்குச் சற்றே அருகில் அமைவதால், அழைப்புக்கு அதுவே மேல். இரண்டில் எது தேவை என்பதை அவரவரே தீர்மானிக்க வேண்டும்.

காற்றும் ஒரு பகைவன். ஆடி ஆவணியில் கச்சான் காற்று வீசும்போதும், மாரியில் வாடை வீசும்போதும், மோட்டார் சைக்கிளில் செல்லும்போதும், ஒலிவாங்கியின் நுண்துளையிலே காற்று மோதி உறுமும். கருவி அதனையும் ஓசையென்று கருதி மாற்றலை செய்ய முற்பட்டு, காதுக்குள் ஒரு புயலையே எழுப்பிவிடும். காற்றொலியைக் குறைக்கும் தனிநிலை உள்ள இயர்பட் சிறந்தது. இல்லையாயின், கடற்கரையில் இரைச்சல் தணிப்பை நிறுத்திவிட்டுப் பேசுவதே வழி. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்க்கோ எந்த நிலையும் வேண்டா. பின்னால் வரும் பேருந்தின் ஒலியைக் கேளாமல் கல்முனைப் பெருந்தெருவில் வண்டி ஓட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். நடந்து செல்பவர்க்குப் புறவொலியை உள்ளே விடும் நிலை ஒன்று உண்டு. தெருவைக் கடக்கும்போது அதுகூட ஒரு காதுக்கே போதும்.

மின்கலத்தைப் பற்றிய விளம்பரம் பெருந்தொகையைக் காட்டும்: 30 மணி, 40 மணி. அது இயர்பட்டையும், அதனை வைத்து மின்னேற்றும் சிறு பேழையையும் சேர்த்துக் கூட்டிய தொகை. இரைச்சல் தணிப்பை நிறுத்திவைத்துக் கணக்கிட்டதுமாகும். தணிப்பு இயங்கும்போது ஒரு தடவை ஏற்றிய மின்சாரம் ஐந்து முதல் ஏழு மணி நேரத்துக்கே வருவது வழக்கம். கொழும்புப் பயணத்துக்கு அது முழுதும் போதாது. இரத்தினபுரியை நெருங்கும்போது பத்து நிமிடம் பேழையில் வைத்து எடுத்தால் எஞ்சிய வழிக்குப் போதுமா என்பதைக் கேட்டறிய வேண்டும். விரைவாக மின்னேற்றும் வசதி என்று எழுதப்படுவது அதுவே. மேலும், இச்சிறு இலிதியம் மின்கலங்கள் சில நூறு தடவை ஏற்றி இறக்கியதும் வலுக் குன்றும். மலிவு வகைகளில் அவற்றை மாற்ற இயலாது. இரண்டு மூன்று ஆண்டு உழைக்கும் பொருளாகவே இதனைக் கருதி, அதற்குத் தக்க பணத்தையே செலவிட வேண்டும்.

எவ்வளவு பணம்? 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில், டொலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த இலங்கை ரூபா 360 வரை சரிந்து, பின்னர் 300 அளவிலே நிலைகொண்டது. முன்பு 6,000 ரூபாவுக்கு வந்திருக்கக்கூடிய 30 டொலர்ப் பொருள், அதன்பின் வரியும் வணிகர் இலாபமும் சேருமுன்னரே 9,000 ஆகின்றது. ஆகவே வெளிநாட்டு ஆய்வாளர்கள் ‘மலிவு’ எனச் சொல்வது இங்கே ஒரு நெசவாளரின் பல நாள் உழைப்பு. அதனாலேயே, சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் பொருளுக்குக் கரையோரத்தில் மதிப்பு அதிகம். அவ்வாறு வருவதற்கு உள்ளூர் உத்தரவாதம் இராது என்பதை மட்டும் மறக்கலாகாது.

விலை மிகவும் தாழ்ந்து, பெயர் மிகவும் உயர்ந்திருந்தால் அது போலி. ஆப்பிள் இயர்பட்டின் வடிவத்தையும் பெட்டியையும் தொடர் எண்ணையும் அப்படியே படியெடுத்தவை சந்தையில் உள்ளன. கைத்தொலைபேசியின் திரையில் இணைப்புப் படம் தோன்றுவதும் உண்மைக்குச் சான்றன்று. போலிகளும் அதனைத் தோற்றுவிக்கின்றன. அவற்றிலே இரைச்சல் தணிப்பு பெரும்பாலும் பெயரளவே. அதே பணத்துக்கு, சொந்தப் பெயரில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் எளிய கருவி எத்தனையோ மேலானது.

ஒலிப்பானின் விட்டம் 10 மில்லிமீற்றரா, 13 மில்லிமீற்றரா, ஒலிக்குறியீடு எத்தனை வகை என்பனவெல்லாம் இவ்விலையில் பெரிய பொருட்டல்ல. நீர் காப்பு பொருட்டுண்டு. ஐ.பி.எக்ஸ். 4 என்றால் எப்புறத்திலிருந்து தெறிக்கும் நீருக்கும் தாங்கும். வியர்வைக்கும் தூறலுக்கும் அது போதும். ஆனால் அச்சோதனை நன்னீரில் நடத்தப்படுவது. கடலோர உப்புக்காற்று, பேழையினுள் மின்னேற்றும் பொன்னிறப் புள்ளிகளை நாளடைவில் அரித்து, ஒரு பக்கம் மட்டும் மின்னேறாத குறையை உண்டாக்கும். கிழமைக்கொரு முறை உலர்ந்த மெல்லிய துணியால் அப்புள்ளிகளைத் துடைத்தல் நலம். இயர்பட்டையும் வியர்வை உலர்ந்த பின்னரே பேழையில் இடவேண்டும்.

கடைக்குச் செல்பவர் தம் கைத்தொலைபேசியையே எடுத்துச் செல்வது நல்லது. மின்விசிறிக்கு அருகில் நின்று, பாட்டேதும் வைக்காமல், தணிப்பை நிறுத்தியும் இயக்கியும் மாறி மாறிக் கேட்டால், விசிறியின் ஒலி தாழ்கின்றதா இல்லையா என்பது அரை நிமிடத்தில் விளங்கிவிடும். தாழவில்லையாயின் முனையை மாற்றி மறுமுறை பார்க்கலாம். அப்போதும் தாழவில்லையாயின் அதனை வைத்துவிடலாம். பிறகு கடை வாசலில் நின்று வீட்டாரை அழைத்து, தெருவிரைச்சலுக்கு நடுவே தம் குரல் அவர்களுக்கு எவ்வாறு கேட்கின்றது என்று கேட்க வேண்டும். காதில் இடும் பொருளாதலால் திறந்து சோதிக்கச் சில கடைக்காரர் இசையார். மாதிரிக்கென்று ஒன்றை வைத்திருக்கும் கடைகளும் உண்டு. சோதிக்க இயலாவிடத்து, குறையிருப்பின் எத்தனை நாளைக்குள் மாற்றித் தருவர் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிப் பெற வேண்டும். வாய்மொழி உத்தரவாதத்தைக் கொண்டு முறையிடுவது கடினம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குச் செல்வோருக்கும் அந்தச் சீட்டே முதற் சான்று.